அமெரிக்காவில் பிறந்தால் குடியுரிமை... கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தால்? சட்டம் சொல்வது என்ன?

திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி சிப்காட். வேலைக்கு வரும் இளைஞரிடம் ஹெச்.ஆர். முதலில் கேட்பது ஆதார். அது கையில் இருக்கிறது. படித்ததும் தமிழ்நாட்டில்தான். ஆனால், ‘ஆன்சைட் போகணும், பாஸ்போர்ட் இருக்கா?’ என்று கேட்டால் பதில் இல்லை. வாக்காளர் அட்டையும் கிடையாது. ஏனென்றால், அவர் பிறந்து வளர்ந்தது அதே ஊரில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில். ஆதார் குடியுரிமைக்குச் சான்று அல்ல.

இதே இளைஞர் அமெரிக்காவில் பிறந்திருந்தால்?

அமெரிக்காவில் என்ன விதி?

அமெரிக்க மண்ணில் பிறந்தவர் அமெரிக்கக் குடிமகன். 1868-ல் நிறைவேறிய 14-வது அரசியல் சட்டத் திருத்தம் இதை உறுதி செய்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று 1857-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை, உள்நாட்டுப் போருக்குப் பிறகு வந்த இந்தத் திருத்தம் செல்லாததாக்கியது. சீனப் பெற்றோருக்கு சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த வோங் கிம் ஆர்க்கும் குடிமகனே என்று 1898-ல் தீர்ப்பு வந்தது.

2025 ஜனவரி 20 அன்று அதிபர் ட்ரம்ப் இதைக் கட்டுப்படுத்த ஆணை பிறப்பித்தார். ஹெச்-1பி விசாவில் இருக்கும் நம்மூர் ஐடி தம்பதிகளின் குழந்தைகளும் அதில் அடக்கம். நீதிமன்றங்கள் உடனே தடை விதித்தன. அரசியல் சட்டத்தையே திருத்துவதென்றால், நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, பிறகு 50 மாநிலங்களில் 38-ன் ஒப்புதல் வேண்டும். லேசுப்பட்ட காரியமில்லை.

இந்தியாவில் ஏன் வேறு மாதிரி?

இங்கே குடியுரிமையை முடிவு செய்யும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 11-வது பிரிவு நாடாளுமன்றத்திடம் கொடுத்துவிட்டது. அதனால் 1955 குடியுரிமைச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையே மாற்றிவிடும். இரண்டு முறை மாற்றியது:

- 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் யாராக இருந்தாலும் குடிமகன்.
- அதன் பிறகு, 2004 டிசம்பர் 3-க்கு முன்பு பிறந்தவர்: பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.
- அதற்குப் பிறகு பிறந்தவர்: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ அல்லாதவராக இருக்க வேண்டும்.

1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்த ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். முகாமில் அண்ணன் 1986-ல் பிறந்தார், தங்கை 1988-ல். அண்ணன் இந்தியர், தங்கை இல்லை. அண்ணனின் மனைவி பாஸ்போர்ட் இல்லாமல் வந்தவர் என்றால், 2006-ல் பிறந்த அவர்களின் குழந்தையும் இந்தியர் இல்லை!

குடிமகன் இல்லைன்னா உரிமையே இல்லையா?

இருக்கிறது, ஆனால் பாதிதான். சட்டத்தின் முன் சமத்துவம் (பிரிவு 14), உயிர் வாழும் உரிமை (பிரிவு 21) ஆகியவை ‘எந்த நபருக்கும்’ பொருந்தும். சக்மா அகதிகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. ஆனால் அரசு வேலையில் சம வாய்ப்பு (16), பேச்சுரிமை, நாட்டில் எங்கும் வசிக்கும் உரிமை (19) ஆகியவை ‘குடிமக்களுக்கு’ மட்டும். 2025 மே மாதம் ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியதும் இந்த 19-வது பிரிவைத்தான்.

வழி உண்டா?

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 2022-ல் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். ஆனால் இந்தக் கதவு 1987-க்கு முன் பிறந்தவர்களுக்கு மட்டுமே.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றன, இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணமின்றி வந்ததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்தது. பயம் தீர்ந்தது, குடியுரிமை வரவில்லை.

இதைச் சரிசெய்ய அமெரிக்கா போல 38 மாநிலங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. உரிமையைப் பறித்த அதே சாதாரணப் பெரும்பான்மை, அதைத் திருப்பித் தரவும் போதும்.