தலையில் அடி: முடிவு மாஸ்டர் கையில் வேண்டாம்

பந்து வீசும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்கிறதா என்று கேமராக்களை வைத்து அளக்கிற, ஐசிசி அங்கீகாரம் பெற்ற சோதனைக்கூடம் போரூர் ராமச்சந்திரா மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அங்கிருந்து பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும், மைதானங்களில் தலையில் அடிபட்ட பையனுக்கு நடக்கும் சோதனை பெரும்பாலும் ஒன்றுதான்: முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒண்ணுமில்லடா, எந்திரி."

பயிற்சியாளர்களைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு கண்ணுக்குத் தெரியாத காயம். அடிபட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட மயங்கி விழுவதில்லை. சிடி ஸ்கேனில் எதுவும் தெரியாது. ஹெல்மெட் மண்டையோட்டைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது.

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்ட்டில் ஆர்ச்சரின் பவுன்சர் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. மருத்துவச் சோதனைகளில் தேறி, மீண்டும் வந்து ஆடினார். மறுநாள்தான் அறிகுறிகள் தெரிந்தன. அந்த டெஸ்ட்டின் மிச்சத்தையும் அடுத்த டெஸ்ட்டையும் இழந்தார். சர்வதேச அணியின் மருத்துவருக்கே முதல் நாள் பிடிபடாததை, ஸ்கோர் நோட்டிலிருந்து தண்ணீர் கேன்வரை தனியாளாகச் சுமக்கும் நம் பி.டி. மாஸ்டர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டுமாம்! அந்த முடிவை அவரிடம் விடாமலிருப்பதே அவருக்கும் நல்லது. சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் இல்லை.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 2006இல் தலையில் அடிபட்ட 13 வயதுச் சிறுவன் அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு உயிருக்குப் போராடினான். சந்தேகம் வந்தாலே ஆட்டத்திலிருந்து வெளியேற்றும் சட்டம் 2009இல் அங்கே வந்தது. 2014க்குள் 50 மாநிலங்களிலும் வந்துவிட்டது. பிரிட்டனின் 2023 வழிகாட்டுதல்படி, அடிபட்டவர் 21 நாட்களுக்குள் போட்டியில் ஆடக் கூடாது.

இங்கே விழிப்புணர்வுச் சுவரொட்டிகளைவிடப் போட்டி விதிகளைத்தான் முதலில் தொட வேண்டும். கிரிக்கெட்டில் வழக்கமான மாற்று வீரர் ஃபீல்டிங் செய்யலாம், பேட் பிடிக்க முடியாது. நல்ல பேட்ஸ்மேனை வெளியே உட்காரவைத்தால் தோல்வி என்கிற கணக்கு எந்தப் பயிற்சியாளரையும் இளக்கிவிடும். ஐசிசி 2019 ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து கன்கஷனுக்கு முழு மாற்று வீரரை அனுமதித்தது. 2020இல் கான்பராவில் தலையில் அடிபட்ட ஜடேஜாவுக்குப் பதிலாக வந்த சாஹல் மூன்று விக்கெட் எடுத்தபோது ஆஸ்திரேலியர்கள் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும். ஜடேஜாவின் தலைக்கு ஓய்வு கிடைத்ததே, அது போதும்.

இந்த முழு மாற்று வீரர் விதியை இங்கே கொண்டுவந்தால் அதைக் குறுக்குவழியாக்குவார்கள் என்ற பயம் நியாயமானதே. வெளியே போன பையன் மூன்று வாரம் எந்தப் போட்டியிலும் ஆட முடியாது, திரும்ப மருத்துவர் கையெழுத்து வேண்டும் என்று சேர்த்துவிட்டால், நடிக்க யார் வருவார்? முதலமைச்சர் கோப்பையும் பள்ளிக் கல்வித் துறையின் மண்டலப் போட்டிகளும் இதைத் தொடங்கினால், நுழைவுக் கட்டணம் வாங்கி நடத்தும் கிளப்புகள் பின்னால் வரும். கபடியிலும் கால்பந்திலும் மாற்று வீரர் ஏற்கெனவே உண்டு. அங்கே தடுப்பது வீம்பு மட்டுமே.

இன்னொரு விதியும் தேவை. அடிபட்ட பையனைத் தனியாக மின்சார ரயிலிலோ ஷேர் ஆட்டோவிலோ அனுப்பக் கூடாது. "இனிமே கிரவுண்டுக்குப் போகாதே" என்று அம்மா சொல்லிவிடுவார் என்கிற பயத்தில் அவன் வீட்டில் மூச்சுவிட மாட்டான். பயிற்சியாளரே வீட்டுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்: திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல், எழுப்ப முடியாத தூக்கம் — இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.