நெய்தல் கற்போரும் கடலும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பில் பயிலும் யாம் ஐந்திணையுள் நெய்தலைக் கற்குங்கால், கானலையும் கழியையும், ஆங்கு வாழும் பரதவரையும், இரங்கி நிற்கும் தலைவியையும் நன்கு மனத்திற் கொள்கின்றோம். முதற்பொருள் இன்னது, கருப்பொருள் இன்னது, உரிப்பொருள் இன்னது எனத் தேர்வுத் தாளில் வழுவின்றி வரையவும் வல்லோம். ஆயினும், அக்கருப்பொருளுள் ஒன்றாகிய மீன் எந்நிறத்தது, யாது தின்பது, எவ்விடத்து உறைவது என ஒருவர் வினவுவாராயின், எம்மிற் பெரும்பாலோர் வாய்வாளாது நிற்போம். தலைவியின் துயரை உணர்தற்கு மீனின் நிறம் எதற்கு எனக் கேட்பாரும் உளர். எம் கருத்து அதுவன்று. அப்பாக்களை இயற்றியோர் கடலைக் கண்டு பாடினர். காணாதவர் அவற்றைக் கற்பது, இசையைச் செவியாற் கேளாது சுரக்குறிப்பை மட்டும் படிப்பதனோடு ஒக்கும். ஆதலின், நெய்தல் கற்போர் ஒருமுறையேனும் அந்நீரினுள் முகம் பதித்துப் பார்த்தல் வேண்டும் என்பதும், அங்ஙனம் பார்க்குமிடத்து, நாள்தோறும் அதனுள் மூழ்கி எழுவாரையே ஆசிரியராகக் கொள்ளல் வேண்டும் என்பதும் இக்கட்டுரையால் யாம் வற்புறுத்த விரும்புவன.

எம் அறியாமைக்கு எம் சோம்பல் மட்டுமே காரணம் அன்று. நூல்களும் ஓரளவு காரணமாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் மீன்பெயரொன்றை எடுத்துப் பாருங்கள். ஆங்கிலப் பகுதியிற் பல இடங்களில் அம்மீனின் நிறமும், அஃது எத்தனை அங்குலம் வளரும் என்பதும் காணப்படும். தமிழ்ப் பகுதியிலோ ‘மீன்வகை’ அல்லது ‘கடல்மீன்வகை’ என்னும் அளவோடு பொருள் முடிந்துவிடும். அப்பெருநூலைத் தொகுத்தோரைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அவர் உழைப்பின் நிழலிலேதான் யாம் இன்றும் கற்கின்றோம். ஆனால், தமிழர் பிடித்து, தமிழர் பெயரிட்டு, தமிழர் உண்ணும் மீனைப் பற்றி அறிய விரும்பும் தமிழ் மாணவன் ஆங்கிலப் பகுதியைப் படித்தே அறியவேண்டியிருப்பது நாணத் தக்கதன்றோ?

நம் கல்லூரியின் வரலாற்றிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்லூரி 1937-ஆம் ஆண்டில் நகரை விட்டுத் தாம்பரத்துக்குப் பெயர்ந்தபொழுது, இங்குள்ள மரஞ்செடிகளை ஆராய்ந்து பேணியவருள் தலைசிறந்தவர் எட்வர்ட் பார்ன்ஸ் என்னும் பேராசிரியர். அவர் கற்பித்தது தாவர நூலன்று, வேதியியல். எனினும் செடிகளின்பால் அவர் கொண்ட பற்றின் நினைவாக ஒரு செடியினமே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வேதியியல் ஆசிரியருக்குச் செடி அயலதன்று எனின், தமிழ் மாணவருக்கு மீன் எவ்வாறு அயலதாகும்?

2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் 6-ஆம் நாள் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும், அன்றே இராமேசுவரத்துக்கும் நம் தாம்பரத்துக்கும் இடையே புதியதொரு புகைவண்டி தொடங்கப்பட்டதும் நண்பர்கள் அறிவார்கள். புகை இல்லாத இக்காலத்தும் அப்பெயரை விட எமக்கு மனமில்லை. அவ்வண்டியில் ஏறி, சித்திரை விடுமுறையில் எம் வகுப்பினர் சிலர் பாம்பன் தீவின் வடகரைக்குச் சென்றிருந்தோம். விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத தடைக்காலம் ஆதலின் கடல் ஓசையடங்கிக் கிடந்தது. நீந்தத் தெரிந்தோரும் மிதவைச் சட்டை அணிந்தே இறங்கவேண்டும் என்று படகுக்கார அண்ணன் உறுதியாகக் கூறிவிட்டார். முகத்திற் கண்ணாடிக் கவசமும், வாயில் மேனாட்டார் ஸ்நார்க்கெல் என வழங்கும் மூச்சுக்குழலும் பொருத்திக்கொண்டு, மார்பளவு நீரிற் குப்புறக் கிடந்தோம்.

வெறுங்கண்ணால் நீருள் நோக்கின் யாவும் கலங்கித் தோன்றும். நம் கண் காற்றிற் பார்க்கவே அமைந்தது. கண்ணுக்கும் நீருக்கும் இடையே கண்ணாடிக் கவசம் சிறிது காற்றைச் சிறைப்படுத்துவதனால் பார்வை தெளிகின்றது; பொருள்கள் உள்ள அளவினும் மூன்றிலொரு பங்கு பெரியனவாகவும், சற்று அண்மையில் உள்ளனவாகவும் தோன்றுகின்றன. முதலிற் கண்டது மணலும், அதன்மேற் படர்ந்து அசையும் கடற்புல்லுமே. நூல்களிற் படித்த வண்ணப் பூங்காவை எதிர்பார்த்த எம் நண்பர் ஒருவர் தலையைத் தூக்கி, “இவ்வளவுதானா?” என்று கேட்டார். சிறிது தொலைவு சென்றபின் அவர் தலையைத் தூக்கவேயில்லை.

ஆங்குப் பவளப்பாறை தொடங்கிற்று. மான்கொம்பு போற் கிளைத்தனவும், மூளையின் மடிப்புப் போல் உருண்டு கிடந்தனவும், இறந்து பாசி மூடியனவும் இடையிடையே இருந்தன. நெருக்கி உருவிய செருகுபற்கள் உடைய மீனொன்று பாறையைக் கொறிக்கும் ஓசை நீரின் வழியே தெளிவாகக் கேட்டது. கிளியின் அலகு போன்ற வாயுடைமையால் அதனைக் கிளிமீன் என்பர். அது பாறைமேற் படர்ந்த பாசியை உண்ணுங்கால் பாறையையும் உடன் அரைத்து விழுங்கி, வெண்மணலாகக் கழிக்கின்றது. வெப்பக் கடல்களின் தீவுகளில் நாம் கண்டு மகிழும் வெண்மணலில் ஒரு பகுதி இங்ஙனம் ஆனதே. ஓராக் கூட்டமொன்று பாசியை மேய்ந்து சென்றது; ஆநிரையை நினைத்துக்கொண்டோம். பாறை இடுக்கிலிருந்து ஓர் அஞ்சாலை வாயைத் திறந்து திறந்து மூடியது. அது சினமென்று அஞ்சினோம். மூச்சு விடுவதற்கே அங்ஙனம் செய்கின்றது எனப் பின்னர் அறிந்தோம். பேத்தை ஒன்று எம்மை ஒரு பொருட்டாகவே மதியாது, சிறு துடுப்புகளை விசிறிக்கொண்டு கடந்து போயிற்று.

ஓரா, அஞ்சாலை, பேத்தை, கிளாத்தி என இப்பெயர்களை எமக்குக் கூறியவர் கடற்பாசி எடுக்கும் அம்மையார் ஒருவர். முப்பதாண்டுக்கு மேலாக மூழ்கி வருபவர். இவரும் இவரைப் போன்ற பெண்டிரும் மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற நீரில், நீர்க்கண்ணாடி அணிந்து, பாறை கிழியாதிருக்க விரல்களில் துணி சுற்றி, மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பவர். மூச்சுக்குழல் முதலியன இவருக்கு இல்லை. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டைக்கோரை என்று பாசிகளுக்கு இவர்கள் வழங்கும் பெயர்களை எந்தப் புலவர் இட்டாரோ அறியோம். ஆனால் கஞ்சி போல் இறுகுவதனைக் கஞ்சிப்பாசி என்றும், தோட்டத்து மணச்செடியை ஒத்ததனை மரிக்கொழுந்து என்றும் கண்ட கண் புலமைக் கண்ணே. பகோடா என்றும் ஒரு பாசிக்குப் பெயருண்டு! அதனைக் கண்டால் அப்பெயர் பொருந்தும் என்பதை யாவரும் ஒப்புவர். பாறைத் திட்டினை இவர்கள் ‘பார்’ என்பர். 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன தூத்துக்குடி முத்துக்குளிப்பிலும் முத்துச்சிப்பி விளையும் திட்டுக்கு அதுவே பெயர். கடற்பசுவுக்கு இவர்கள் வழங்கும் பெயர் ஆவுளியா.

இறங்குமுன் அவ்வம்மையார் கூறியதனை அவர் மொழியிலேயே தருகின்றோம்: “பாருங்க தம்பி, நல்லாப் பாருங்க. காலை மட்டும் கீழ ஊனாதீங்க. கல்லுன்னு நெனைக்காதீங்க, அது உசுரு.” இதனையே விலங்கு நூலார் விரித்துக் கூறுவர். பவளம் என்பது நுண்ணுயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணக் கூடு. அவ்வுயிரின் உடலுள் நுண்ணிய பாசி தங்கி, ஞாயிற்றின் ஒளியால் உணவு ஆக்கித் தருகின்றது. அதற்கு நிறமும் அப்பாசியாலேயே. கோடையில் கடல்நீர் வழக்கத்தினும் ஓரிரு பாகை மிகுந்து சில வாரம் நிற்குமாயின், பவளம் அப்பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். வெப்பம் விரைவில் தணிந்தாற் பிழைக்கும், நீடித்தால் மடியும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இவ்வெளுப்பு நேர்ந்தது. வெப்பம் ஒன்றே பகை என்பதும் இல்லை. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல்லாண்டு பவளப்பாறையை வெட்டி எடுத்ததன் பயனாக, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள 21 தீவுகளுள் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரண்டு நீருள் அமிழ்ந்தன. யாம் கண்ட பாரிலும் ஒரு மூலையில் அறுந்த வலையொன்று கிளைப்பவளத்தைப் போர்த்துக் கிடந்தது.

இந்நிலையில் மாணாக்கரைக் கூட்டங்கூட்டமாகக் கடலுக்கு அழைப்பது அறிவுடைமையோ என்று வினவுவோர்க்கு யாம் மதிப்புடன் விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அவ்வச்சம் பொய்யன்று. சயாம் எனப்பட்ட தாய்லாந்தில் மாயா குடா என்னும் அழகிய கடற்கரை, ஒரு திரைப்படத்தாற் புகழ் பெற்று, நாள்தோறும் வந்த ஆயிரக்கணக்கான மக்களால் அதன் பவளம் நலிந்தமையின், 2018-இல் அரசினராற் சாத்தப்பட்டு 2022-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. மேனியிற் பூசும் வெயிற்பூச்சுகளுட் சில பவளத்துக்கு நஞ்சாகும் என்று கருதி ஹவாய்த் தீவினர் அவற்றின் விற்பனையைத் தடுத்துச் சட்டமும் இயற்றினர். ஆதலின் 21 தீவுகளையும் உல்லாசப் பயணிகளுக்குத் திறந்துவிடுக என்று கூறுவாரோடு யாம் ஒருகாலும் உடன்படோம். 1986-இல் அவை கடல்வாழ் உயிர்த் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது நன்றே. கரையோரப் பார்களே எம்போல்வார்க்குப் போதும். பதின்மர்க்கு மேற்படாத குழு, உள்ளூர் வழிகாட்டி, மெய்யிற் பூச்சுக்குப் பதில் கைநீண்ட சட்டை, எதனையும் தீண்டாமை, எதனையும் எடுத்து வாராமை என்பன எமக்குக் கடுமையாகத் தோன்றவில்லை.

எமக்குப் பொறுக்கலாகாதது வேறொன்று. தீவுகளைக் காக்கும் சட்டம், நகரிலிருந்து வருவோனையும் பாசி பறிக்கும் பெண்ணையும் ஒரே அளவுகோலால் அளப்பதாகத் தோன்றினும், நடைமுறையில் வந்தவனுக்குச் சீட்டு வாங்கினாற் படகு உண்டு. அவளுக்கோ அவள் பாட்டி மூழ்கிய இடத்திலேயே தண்டம் உண்டு. இப்பெண்டிர் தாமே கூடி, திங்களிற் சில நாள் மட்டும் மூழ்குவதென்றும், இனம் பெருகும் பருவத்திற் பறிப்பதில்லை என்றும் வரையறுத்துக் கொண்டவர்கள். அவருள் ஒருவராகிய சின்னப்பாலம் இலக்குமி மூர்த்தி அம்மையார்க்கு 2015-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டார் தீவுகளைக் காப்போர்க்கு வழங்கும் செக்காலஜிப் பரிசு கிட்டியது. அந்நாட்டார் அறிந்த பெயர் எம் வகுப்பில் எவர்க்கும் தெரிந்திருக்கவில்லை. தீவுகளைக் காக்கும் முறைகளை வகுக்கும் அவைகளில் இவர்களுக்கு இருக்கை தருதல் வேண்டும். பயணிகளிடம் பெறும் கட்டணத்திற் பங்கும் தருதல் வேண்டும். அறிவுக்கு விலையுண்டு என்பதைக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் நம்மினும் நன்கு அறிந்தவர் யாவர்?

குருசடைத் தீவின் கரைவாழ் உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்தார் 1927-இல் ஓர் அரிய நூலை வெளியிட்டனர். 1947-இல் தோன்றிய நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் கொச்சிக்குப் பெயரும் வரை மண்டபத்திலேயே தன் தலைமையிடத்தைக் கொண்டிருந்தது. அந்நூலும் இந்நிலையத்து ஆய்வேடுகளிற் பெரும்பாலனவும் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்ப் பெயர்களோ மூழ்குவோர் வாயில் உள்ளன. அம்மையாரின் மகள் திருப்பூரில் ஆடைத் தொழிலகத்தில் வேலை செய்கின்றாளாம். மகள் நல்வாழ்வு வாழ்வதனைத் தாய் மகிழ்ந்தே கூறினார். யாமும் மகிழ்ந்தோம். ஆனால் அவ்வீட்டில் அஞ்சாலைக்கும் கிளாத்திக்கும் வேற்றுமை அறிந்தார் இனி ஒருவரே.

இவற்றுக்கெல்லாம் இராமேசுவரம் வரை செல்ல வேண்டும் என்பதில்லை. தாம்பரத்திலிருந்து கிழக்கே நீலாங்கரைக்கும் கோவளத்துக்கும் பேருந்தில் ஒருமணி நேரத்துக்குச் சற்று மேலாகும். நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை, பங்குனி ஆமை முட்டையிடும் பருவத்தில், 1988 முதல் மாணாக்கர் இரவெல்லாம் நடந்து முட்டைகளைக் காத்து வருகின்றனர். 2025-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையை அடுத்த கரைகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலையிற் சிக்கிய ஆமை மூச்செடுக்க மேலே வர இயலாது மடிகின்றது. அச்செய்தியைப் படித்த எம் நண்பர் ஒருவர், ஆமை நீரில் வாழ்வதாயிற்றே, மூச்சு முட்டுவது எங்ஙனம் என்று வியந்தார். கருப்பொருள் பற்றிய வினாவுக்கு முழு மதிப்பெண் பெற்றவர் அவர்.

ஆதலின் எம் வகுப்பினர் ஒரு சிறு பணியைத் தொடங்கியுள்ளோம். மீன், ஆமை, பாசி, பார் முதலியவற்றின் பெயர்களை, கூறியவர் ஊர், உயிரின் நிறம், நீளம், உணவு, உறையுமிடம் ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகின்றோம். இதுவரை அறுபத்தொரு பெயர் சேர்ந்துள்ளன. அவற்றுள் பதினான்கு அகராதியில் எமக்குக் கிட்டவில்லை. விலங்கியல் மாணாக்கர் இருவர் இலத்தீன் பெயரைச் சரிபார்த்துத் தர இசைந்துள்ளனர். நீந்தத் தெரியாதோர் கோவளத்து மீன் இறங்கும் கரையிற் சனிக்கிழமை விடியற்காலையில் எம்மோடு நின்று கேட்டெழுதலாம். குறிப்பேடு தமிழ்த்துறை நூலகத்து மேசைமீது உள்ளது. பழைய மாணாக்கருள் கடற்கரை ஊரினர் தம் ஊர்ப் பெயர்களை அஞ்சலிலும் அனுப்பலாம். ஒரே மீனுக்கு இரண்டு ஊரில் இரண்டு பெயர் வழங்குமாயின் இரண்டையும் எழுதுக.