அரைகுறைக் கிளட்ச் வேலை சிக்கனம் ஆகாது

பழைய டிராக்டரைக் கைவிடாமல் வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயிகள் இன்றும் உண்டு. 1960-ல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனத்தின் பழைய மாஸ்ஸி பெர்குசன் வண்டிகள் பல, உரிமையாளரின் பராமரிப்பாலேயே இன்னும் உழுகின்றன. இத்தகைய வண்டியில் கிளட்ச் வழுக்கத் தொடங்கியதும், “பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும்” என்று பட்டறையில் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. இது சிக்கனம் போலத் தோன்றும். உண்மையில் இரட்டைச் செலவு.

லாரிக்கு உள்ளதுபோல் இவ்வண்டிக்குத் தனிச் சட்டம் கிடையாது. என்ஜினும் கியர் பாக்ஸும் பின் அச்சும் போல்ட்டுகளால் இணைந்து, அதுவே வண்டியின் உடலாக அமைந்துள்ளது. கிளட்ச் இருப்பது நடுவில். ஆகவே பிளேட்டைத் தொட வேண்டுமானால் வண்டியையே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். கூலியில் பெரும்பகுதி இதற்கே போகிறது. பின்னர் ஒரு சிறு பேரிங் கெட்டாலும் மறுபடி அதே கூலி, அதே நாட்கள்.

எனவே பிரித்த வண்டியில் பிளேட்டோடு ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டையும் மாற்றிவிடுவதே முறை. பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே மட்டத்தில் உள்ளனவா, பிளைவீல் முகத்தில் வெடிப்போ வரிப்பள்ளமோ உண்டா என்று பார்க்க வேண்டும். என்ஜின் பக்கத்து ஆயில் சீலோ, கியர் பாக்ஸ் பக்கத்து சீலோ கசிந்தால் புதுப் பிளேட்டும் எண்ணெய் பட்டு வழுக்கும். இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில் பி.டி.ஓ. தண்டுக்கான பிளேட்டையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

கியர் பாக்ஸையும் மறந்துவிடக் கூடாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் சேற்றுழவில் தண்ணீர் புகுந்துள்ளது என்று பொருள். எண்ணெயில் இரும்புத் துண்டுகள் தென்பட்டால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கும். அதை அப்படியே பூட்டுவது பெருநஷ்டத்துக்கு வழி.

பிரிக்கும்போது உயிருக்கும் ஆபத்து உண்டு. முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஆடக்கூடியது. அதன் இருபுறமும் மரச்சக்கை இறுக்காவிட்டால், பிரிந்த என்ஜின் பகுதி பக்கவாட்டில் சாய்ந்துவிடும். இரு பாகங்களுக்கும் உறுதியான முட்டு வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் புகலாகாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

ஆனால் பிரிக்கும் முன்பே பெடலின் வெற்றாட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். அது அறவே இல்லாவிட்டாலும் கிளட்ச் வழுக்கும். கைப்புத்தகத்தில் குறிப்பிட்ட அளவுக்குச் சரிசெய்தாலே சில வண்டிகள் தேறிவிடும். அப்படிச் சரியானால் செலவே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, பெடலில் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் ஒழிய வேண்டும். ரிலீஸ் பேரிங்கைத் தின்பதும் பிளேட்டைத் தேய்ப்பதும் அதுதான்.

அறுவடை முடிந்து வண்டி சும்மா நிற்கும் நாட்களில் இவ்வேலையை முழுமையாக முடித்துக்கொள்வதே அறிவுடைமை. நாற்று முற்றிக்கொண்டிருக்கையில் சொந்த வண்டி பட்டறையில் கிடக்க, வாடகை வண்டிக்குக் காத்து நிற்பவருக்கு, பேரிங்கில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு?