குடத்தைப் பார்த்தோம், ஏரியைப் பார்த்தோமா?

உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் நம்மவர்க்கு மெய்சிலிர்க்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் (919, 921) குடவோலை முறையை மேடைதோறும் முழங்குகிறோம். இதில் முன்வரிசையில் நிற்பவர்கள் தமிழ் கற்பிக்கும் நாம்தாம். குடத்தில் ஓலை இட்டார்கள், ஒரு சிறுவன் எடுத்தான், மக்களாட்சி பிறந்தது. பாடம் முடிந்தது, மணியும் அடித்துவிடுகிறது.

அந்த ஓலை எதற்காக இடப்பட்டது? ஏரி வாரியத்துக்கு, தோட்ட வாரியத்துக்கு, பொன் வாரியத்துக்கு. ஏரி வாரியத்தில் அறுவர். வைரமேகத் தடாகத்தின் கரையும் மடையும் தூரும் ஊர்ச்சபையின் பொறுப்பு; அதற்கான பொருளும் அச்சபையின் கையில்தான் இருந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவனும் அவன் உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இட முடியாது.

அந்தச் சபையை நாம் திரும்ப வேண்டுகிறோம் என்று எவரும் கருத வேண்டா. அது பிராமணர் சபை. கால் வேலி நிலமும் வேதப் பயிற்சியும் இல்லாதவனுக்கு அங்கே இடமில்லை. பெண்ணுக்கும் உழைப்பாளிக்கும் வாசலே இல்லை. அன்று ஏரி சபையிடம் இருந்தது, ஊரார் பெரும்பாலோர் சபையில் இல்லை. இன்று ஊரார் எல்லாரும் கிராம சபையில் இருக்கிறார்கள், ஏரி அவர்களிடம் இல்லை. நம் வழக்கு இதுதான்.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம், பதினொன்றாம் அட்டவணையில் 29 துறைகளை அடுக்கியது. முதலாவது வேளாண்மை, மூன்றாவது சிறுபாசனமும் நீர் மேலாண்மையும். ஆனால் இவற்றை மாநிலச் சட்டமன்றம் ஊராட்சிகளுக்கு ‘வழங்கலாம்’ என்றே உறுப்பு 243ஜி கூறுகிறது. ‘வழங்க வேண்டும்’ என்றில்லை. இலக்கணம் படித்த நமக்கு இவ்விரண்டு வினைமுற்றுகளுக்கும் இடையிலுள்ள தொலைவைச் சொல்லித் தரவேண்டியதில்லை. அந்த ஒரு ‘லாம்’ வழியாகத்தான் ஏரி வடிந்துபோயிற்று.

தமிழகத்தில் ஆயக்கட்டு 40 எக்டேருக்கு மேற்பட்டால் ஏரி பொதுப்பணித்துறையுடையது (2021 முதல் நீர்வளத்துறை). குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்துடையது. கிராம ஊராட்சி இரண்டிலும் விருந்தாளி. வண்டல் அள்ள வருவாய்த்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். 2007இல் ஆக்கிரமிப்பு அகற்றச் சட்டம் வந்தபோதும் அது பொதுப்பணித்துறை ஏரிகளை மட்டுமே காத்தது. ஒன்றியத்து ஏரிகள் அதன் வரம்புக்குள் வரவில்லை. ஊருக்கு வரும் உதவி வேளாண்மை அலுவலர் பதில் சொல்வது தம் துறைக்கு, ஊராட்சிக்கு அன்று. தென்மாவட்டக் கண்மாய்களில் மடை திறந்து முறைவைத்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிக்கு ஊரார் களத்தில் நெல் அளந்தார்கள். அவர் பதில் சொன்னதும் ஊருக்கே. அந்த ஏற்பாடு பல ஊர்களில் அற்றுப்போயிற்று. (நீர்க்கட்டிகள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியினர் என்பதையும், மழைக்கால இரவில் கரையில் கிடந்தவர்கள் அவர்களே என்பதையும் மறந்துவிட்டு ஏக்கப்படுவது நம் இலக்கிய நோய்களுள் ஒன்று.)

2017இல் ‘குடிமராமத்து’ என்ற பழஞ்சொல்லை அரசு மீட்டெடுத்தபோது நம்மவர் சிலர் பூரித்துப்போனார்கள். குடி எங்கே இருந்தது? 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்து, 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. குடிமராமத்து தொடங்கிய நாளில் தமிழகத்தின் எந்தக் கிராம ஊராட்சியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்கள் இருந்தார்கள். சொல் மட்டும் சோறு போடும் என்று நம்புகிறவர்கள் நம்மைத் தவிர வேறு யார்?

‘ஊராட்சியிடம் ஏரியைக் கொடுத்தால் ஆதிக்கசாதி விழுங்கிவிடும்’ என்று நண்பர்கள் மறுப்பதுண்டு. அந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. 1997இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 2006 வரை தனித்தொகுதித் தேர்தலே முறையாக நடக்கவிடவில்லை. ஆனால் இந்த மறுப்பு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். உயிரைக் கொடுத்துப் பெற்ற நாற்காலியில், பெற்றவர் வந்து அமரும்போது அதிகாரம் இல்லை என்றாகிறது. தெருவிளக்குக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் மட்டுமா அவர்கள் செத்தார்கள்? ஆதிக்கத்துக்கு மருந்து இடஒதுக்கீடும் தணிக்கையும் கிராம சபையும். அதிகாரத்தையே மேலே தூக்கிப் பூட்டிவைப்பது மருந்தாகாது. மேலே இருப்பவர்க்குச் சாதி இல்லையா என்ன?

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டநிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கிருஷி பவன் கிராமப் பஞ்சாயத்தின் கீழ் வந்தது. அதனால் அங்கே நெல்வயல் சுருங்காமல் நின்றுவிடவில்லை என்பது உண்மை. எனினும் விதை வரவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று அங்கத்து உழவனுக்குத் தெரியும்.

2025 சனவரி 5இல் 28 மாவட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வரவில்லை, தனி அலுவலர்கள் மீண்டும் வந்தார்கள். நம் சிற்றிதழ்கள் எவற்றிலும் இதற்காக ஒரு தலையங்கம் நம் கண்ணில் படவில்லை. அடுத்தமுறை மாணவர்களை உத்திரமேரூருக்கு அழைத்துச் செல்லும் பேராசிரிய நண்பர்கள், கல்வெட்டைப் படித்து முடித்தபின் வழியில் ஏதேனும் ஓர் ஊராட்சி அலுவலகத்தில் இறங்கி, கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் புரட்டட்டும். ஏரி பற்றிய தீர்மானங்களில் எத்தனை ‘உரிய துறைக்குப் பரிந்துரைக்கலாம்’ என்று முடிகின்றன என மாணவர்களே எண்ணிச் சொல்லட்டும்.