பிரேக்குக்கும் ஒரு சான்று வேண்டும்

ஷோரூமிலிருந்து சொந்தக் காரை எடுத்த நாள் தொடங்கி 15 ஆண்டுகளுக்கு, அதன் பிரேக் பிடிக்கிறதா என்று அரசு ஒருமுறைகூடக் கேட்பதில்லை. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஓன் போர்டு காரின் ஆர்.சி.க்கு 15 ஆண்டு ஆயுள் தந்திருக்கிறது. அது முடிந்து புதுப்பிக்கப் போகும்போதுதான் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்க்கிறார். வாடகைக்கு ஓடும் டி போர்டு வண்டியின் நிலை வேறு. முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று எடுத்தாக வேண்டும். சொந்தக் காரும் புகைச் சான்றிலிருந்து தப்ப முடியாது. முதல் ஆண்டு கழிந்ததும் அதைக் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அபராதம். புகையை அளப்பது சரியானதே. ஆனால் ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓடும் இரண்டு கார்களில், மஞ்சள் நம்பர் பிளேட் மாட்டிய காரின் பிரேக்கை மட்டும் சோதிப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது? ஐந்து வயதைக் கடந்த ஒவ்வொரு சொந்தக் காருக்கும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் சோதனையைக் கட்டாயமாக்க வேண்டும். முழு எஃப்.சி. வேண்டாம், பிரேக் மட்டும் போதும்.

ஏன் பிரேக் மட்டும்? மற்றப் பழுதுகள் ஓட்டுபவருக்குத் தெரிந்துவிடும். எஞ்சின் இழுக்கவில்லை என்றாலோ ஏ.சி. குளிரவில்லை என்றாலோ அன்றே மெக்கானிக்கிடம் போகிறோம். பிரேக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கால் அதற்குப் பழகிவிடுகிறது. புதிதில் 10 மி.மீ. அளவுக்குக் கனமாக இருக்கும் பிரேக் பேடு தேயத் தேய, காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டன் அந்த அளவுக்கு வெளியே நகர்கிறது. அது விட்ட இடத்தைப் பிரேக் ஆயில் நிரப்புகிறது. அதனால் பானெட்டுக்குள் இருக்கும் ஆயில் டப்பாவில் மட்டம் இறங்குகிறது. மட்டம் இறங்கினால் ஒன்று பேடு தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. நம் பட்டறைகளில் என்ன நடக்கிறது? ‘ஆயில் குறைஞ்சிருந்துச்சு, ஊத்திட்டேன்’ என்பதோடு வேலை முடிகிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்து சொல்லியிருக்க வேண்டிய செய்தி அந்த ஒரு ஊற்றலில் அடைபட்டுப் போகிறது. பேடு 3 மி.மீ.க்கு வந்தும் மாற்றாமல், இரும்புத் தகடு டிஸ்க்கை உராயும்வரை ஓடும் கார்கள் இப்படித்தான் உருவாகின்றன.

பேடாவது கண்ணுக்குத் தெரியும். பிரேக் ஆயிலின் பழுது அப்படிப்பட்டதல்ல. நம் கார்களில் பயன்படும் டாட் 3, டாட் 4 வகை ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. டாட் 4 ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரநிலை. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால், அதே தரநிலை கேட்பது 155 டிகிரிதான். பெரும்பாலான கார் நிறுவனங்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதை முழுதாக மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவே. கிலோமீட்டர் ஓடவில்லையே என்பது இங்கே செல்லாது. கடலோர ஊரில் வீட்டு வாசலில் சும்மா நிற்கும் காரின் ஆயிலும் ஈரத்தைக் குடித்துக்கொண்டுதான் இருக்கும். அந்தக் காரில் மே மாதம் நான்கு பேரும் பெட்டிகளும் ஏறி ஊட்டிக்குப் போகிறார்கள் என்று வையுங்கள். உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். 1,300 கிலோ எடையுள்ள வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மீதியை எஞ்சினோ பிரேக்கோதான் தாங்கியாக வேண்டும். ‘ஏறின கியர்லயே இறங்கு’ என்று மலை டிரைவர்கள் சொல்வது இந்தச் சுமையை எஞ்சினுக்கு மாற்றத்தான். சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவர் காலைப் பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு இறங்குகிறார். ஆயில் கொதித்துக் குழாயில் ஆவி சேர்கிறது. திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே பெடல் தரைவரை போகிறது, சக்கரம் நிற்பதில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. விபத்துகளுக்குக் காரணம் ஓட்டுபவரின் வேகம்தானே, இயந்திரக் கோளாறு எத்தனை என்பார்கள். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில், 2022-இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதிவேகத்தால் இறந்தவர்கள். வேகத்தின் பங்கை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கு எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். விபத்து நடந்த பிறகு ஆய்வாளர் வந்து வண்டியைச் சோதித்து, இயந்திரக் கோளாறு இருந்ததா என்று சான்று தருகிறார். அதற்குள் கொதித்த ஆயில் ஆறி, ஆவி மீண்டும் திரவமாகியிருக்கும். அவர் பெடலை மிதித்தால் கெட்டியாகவே நிற்கும். ஓட்டியவர் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னாலும், தப்பிக்கச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்ளப்படும். தேய்ந்த பேடால் வண்டி நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சில மீட்டர் போய் மோதினால், அதுவும் அதிவேகம் என்றே பதிவாக வாய்ப்பு அதிகம். சொந்தக் காரின் பிரேக்கை முதல் 15 ஆண்டுகளில் அரசு பார்க்கும் ஒரே தருணம் விபத்துக்குப் பிந்தையது என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. புதுக் கார்களில் 2019 முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டதே என்பாரும் உண்டு. சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் அது காக்கும். தேய்ந்த பேடையும் கொதித்த ஆயிலையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

சோதித்துப் பார்த்த நாடுகளின் அனுபவம் என்ன? பிரிட்டன் 1960-இல் கார் சோதனையைத் தொடங்கியபோது பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகியவற்றைத்தான் பார்த்தது, அதுவும் பத்து வயதைக் கடந்த கார்களில் மட்டும். தேறாத வண்டிகள் அவ்வளவு அதிகமாக இருந்ததால், அடுத்த ஆண்டே வயது வரம்பை ஏழாகக் குறைத்தார்கள். 1967-இல் அது மூன்றானது. சோதிக்கத் தொடங்கியதால்தான் பழுதின் அளவே தெரிய வந்தது. சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதுக்குமேல் ஆண்டுதோறும் கார்கள் சோதனைக்குப் போகின்றன. நாம் தொடங்குகிற இடம், பிரிட்டன் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே போதாது என்று கைவிட்ட பத்து வயதைவிடவும் ஐந்து ஆண்டு பின்தங்கியது.

நம் ஊரில் இது இன்னொரு லஞ்ச வாசலாகும் என்ற அச்சம்தான் எல்லாவற்றிலும் நியாயமானது. வண்டி வராமலே புகைச் சான்று கிடைக்கும் இடங்களை எல்லோரும் அறிவோம். ஆகவே ஆளின் கையெழுத்தை நம்பாத முறை வேண்டும். ரோலர் பிரேக் சோதனையில் காரின் ஓர் அச்சிலுள்ள இரு சக்கரங்களும் சுழலும் உருளைகள்மேல் நிற்கும். பெடலை மிதித்ததும் இடப்பக்கம் எவ்வளவு விசையில் பிடிக்கிறது, வலப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியே எண் விழும். மழையில் சட்டென்று பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு இந்த வித்தியாசமும் ஒரு காரணம். சாலையில் ஓட்டிப் பார்த்து அதை எளிதில் கண்டுபிடிக்க முடியாது. அந்த எண்கள் கருவியிலிருந்து நேரே அரசின் ‘வாகன்’ பதிவுத் தளத்துக்குப் போக வேண்டும், நடுவில் ஒருவர் தட்டச்சு செய்யக் கூடாது. சோதிக்கும் இடத்தில் பழுது பார்க்கவும் கூடாது. பிரிட்டனில் உள்ளாட்சிகள் நடத்தும் சோதனை நிலையங்கள் பொதுவாகப் பழுது பார்ப்பதில்லை. இல்லாத பழுதைச் சொல்லிப் பணம் பறிக்க அங்கே இடமில்லை.

செலவு என்பது சிறிய தடை. சிறிய காருக்கு ஆயில் மாற்றச் சில நூறு ரூபாய், முன் சக்கரப் பேடுகளுக்குச் சில ஆயிரம். ஆண்டுதோறும் கட்டும் இன்ஷூரன்ஸ் தொகையோடு ஒப்பிட்டால் இது பாரமில்லை. தெரிந்தோ கவனக்குறைவாலோ கோளாறுள்ள வண்டியை ஓட்டினால் தண்டிக்கச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு ஏற்கெனவே இருக்கிறது. கோளாறைக் கண்டறிய வழி செய்யாமல் தண்டனையை மட்டும் வைத்திருப்பது முறையல்ல. முதல் கட்டமாக டி போர்டு வண்டிகளுக்கான தானியங்கிச் சோதனை நிலையங்களில் ஓன் போர்டு கார்களுக்கும் ஒரு வரிசையை ஒதுக்கலாம். தேறாத காருக்கு ஒரு மாதக் கெடு தந்து, மறுசோதனைக்குக் கட்டணம் வாங்காமல் விடலாம். பேடின் கனம், ஆயிலின் ஈர அளவு, நான்கு சக்கரங்களின் பிடிப்பு விசை ஆகியவை ஆர்.சி. விவரத்தோடு பதிவாகிவிட்டால், பழைய கார் வாங்க வருபவரும் கையெழுத்துப் போடும் முன் அவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.