நடிக்கலை சார், வாழ்ந்திருக்காங்க!

'கிட்ஸ்' என்று ஓர் அமெரிக்கப் படம். 1995-ல் வந்தது. பெயரைப் பார்த்துவிட்டு வீட்டு வாண்டுகளோடு உட்கார்ந்துவிடாதீர்கள். நியூயார்க்கில் ஸ்கேட்போர்டும் கையுமாகத் திரிகிற விடலைப் பையன்கள், போதை, எய்ட்ஸ்... ஒரே நாளில் நடக்கிற கதை.

டைரக்டர் லாரி கிளார்க், ஐம்பது வயசு போட்டோகிராபர். வாஷிங்டன் ஸ்கொயர் பார்க்கில் சுற்றிக்கொண்டிருந்த பசங்களோடு பழகி, அவர்களில் பலரையே நடிக்க வைத்தார். கதை எழுதிய ஹார்மனி கொரீனும் அங்கே பிடித்த பொடியன்தான்.

17 வயசு வரை யாரும் பார்க்கக்கூடாது என்று சர்ட்டிபிகேட் கொடுத்தார்கள். அதாவது, கதையில் வருகிற பையனுக்கே டிக்கெட் கிடையாது! 'உங்க சர்ட்டிபிகேட்டே வேணாம்' என்று அப்படியே ரிலீஸ் செய்தார்கள். செலவு 15 லட்சம் டாலர். அமெரிக்காவில் மட்டும் வசூல் 70 லட்சத்துக்கு மேல்.

க்ளோயி செவனி, ரொசாரியோ டாசன் இருவரும் ஸ்டார் ஆனார்கள். சந்தோஷம். ஜஸ்டின் பியர்ஸ் 2000-ல் தற்கொலை செய்துகொண்டார். வயசு 25. ஹரால்ட் ஹன்டரை 2006-ல் போதை கொண்டுபோனது. வயசு 31. மிச்சமிருந்த நண்பர்கள் 2021-ல் ஒரு டாகுமெண்டரியில் மனசில் இருந்ததைக் கொட்டினார்கள்.

படம்தான் கொன்றது என்று பழிபோட மாட்டேன். ஆனால் நடிகர் என்றால், பேக்கப் சொன்னதும் மேக்கப்பைக் கலைத்துவிட்டு வேறு வாழ்க்கைக்குப் போவார். இந்தப் பசங்களுக்குக் கலைக்க மேக்கப் ஏது? திரும்பிப் போனது அதே தெருவுக்கு.

'நடிக்கலை, வாழ்ந்திருக்காங்க' என்று இனி யாராவது புகழ்ந்தால், அப்புறம் எப்படி வாழ்ந்தாங்க என்றும் கேளுங்கள்.