கல்லாச் சாவி நம்மிடம். டெலிபோன் சாவி யாரிடம்?



இரவு கடை அடைக்கும்போது கல்லாச் சாவியை நாமே எடுத்துச் செல்கிறோம். குடோன் சாவியை நம்பிக்கையான ஆளிடம் மட்டும் கொடுக்கிறோம். ஆனால், கடைக்கு ஆர்டர் வந்து சேரும் வாசலாகிய டெலிபோனுக்கும் ஒரு சாவி உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் இண்டர்காம் பெட்டியின் பாஸ்வேர்டுதான் அந்தச் சாவி. அது பெரும்பாலும் மெக்கானிக் கையில் இருக்கிறது. இது முறையல்ல என்பதே எங்கள் கருத்து.

நாங்கள் பட்டதைச் சொல்லிவிடுகிறோம். எங்களுடையது மொத்த வியாபாரம். இரண்டு லேண்ட்லைன், எட்டு எக்ஸ்டென்ஷன். லேண்ட்லைனிலிருந்து எந்தச் செல்போனை அழைத்தாலும் எண்ணுக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி 2021 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. சுமார் 250 கோடிப் புதிய எண்களுக்கு இடம் உண்டாக்க மத்திய அரசு செய்த ஏற்பாடு அது; குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் பெட்டியில், எஸ்.டி.டி. கட்டணத்துக்குப் பயந்த காலத்துப் பூட்டு அப்படியே கிடந்தது. முதலாளி மேஜை தவிர மற்ற இடங்களில் வெளி லைன் எடுத்து 0 அழுத்தினால் எங்கேஜ் சத்தம்தான் வரும். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். நாடு முழுவதும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோதே அந்தப் பூட்டுக்கு அவசியம் குறைந்துவிட்டது. எடுக்கத்தான் எங்களுக்குத் தோன்றவில்லை. விளைவு, பில் மேஜையிலிருந்தும் குடோனிலிருந்தும் ஒரு செல்போனையும் அழைக்க முடியாமல் போயிற்று.

பூட்டை எடுக்கலாம் என்றால் பாஸ்வேர்டு தெரியாது. பெட்டி மாட்டியவர் ஊரை விட்டே போயிருந்தார். "பார்த்துக்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டோம். அதற்குள் பில் போடும் தம்பி, வேலை நிற்கக் கூடாதே என்று தன் சொந்தச் செல்போனில், தன் காசில் ரீசார்ஜ் செய்து, வெளியூர்க் கடைக்காரர்களிடம் பேசி ஆர்டர் வாங்கினார். அவர்களும் அந்த எண்ணையே குறித்துக்கொண்டார்கள். தீபாவளி முடிந்ததும் அவர் முறையாகச் சொல்லிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போனார். அவரோடு பல வாடிக்கைகளும் போயின. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்த எண் அவருடையது. அதை விட்டுப் போ என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது. கடையின் எண்ணைப் பயன்பட முடியாதபடி வைத்திருந்த குற்றம் எங்களுடையது.

"ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது இண்டர்காம் எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். ஆள் மாறுவார், பிள்ளைகள் கையில் கடை மாறும். பில்லிலும் பையிலும் போர்டிலும் அச்சிட்ட எண் மாறக் கூடாது. அது கடையின் சொத்து.

ஆகவே, ஒவ்வொரு முதலாளியும் தம் பெட்டியில் சில விஷயங்களை நேரில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, வெளியிலிருந்து வரும் அழைப்பு எங்கே மணியடிக்கிறது? கணக்கர் மேஜையில் மட்டும் அடித்தால், அவர் பேங்குக்குப் போன நேரத்தில் ஆர்டர் அடுத்த கடைக்குப் போய்விடும். நாலு மணிக்குள் எடுக்காவிட்டால் அடுத்த எக்ஸ்டென்ஷனுக்குத் தாவும்படியோ, இரண்டு மூன்று இடத்தில் ஒன்றாக அடிக்கும்படியோ புரோகிராம் செய்யலாம். பக்கத்து மேஜையில் அடிப்பதை இருந்த இடத்திலிருந்தே எடுக்கும் பிக்கப் வசதியும் பல பெட்டிகளில் உண்டு. அதன் கோடு எண்ணைக் கடை ஆட்கள் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

இரண்டாவது, பூட்டு. 0 திறந்திருக்கட்டும், வெளிநாட்டு அழைப்புக்கான 00 மட்டும் பூட்டியிருக்கட்டும். வெளி லைன் எடுக்கவே 0 அழுத்தும் பெட்டிகளில், லைன் கிடைத்த பிறகு அழுத்தும் எண்களைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். இல்லையென்றால் செல்போனுக்கு அழுத்தும் இரண்டு சைபரை வெளிநாடு என்று நினைத்துப் பூட்டிவிடுவார்கள். பெட்டியின் மெமரியில் முன்பே பதிந்து வைத்த செல்போன் எண்களிலும் 0 சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். 112, 108, 101 ஆகிய அவசர எண்கள் எந்த எக்ஸ்டென்ஷனிலும் பூட்டப்படக் கூடாது.

மூன்றாவது, மின்சாரம் நின்றால் என்ன ஆகும்? பேட்டரி இல்லாத பெட்டி அப்போதே ஊமையாகிவிடும். மின்சாரம் போனதும் ஒரு லைனை நேராக ஒரு போனுக்கு இணைக்கும் வசதி பல பெட்டிகளில் இருக்கிறது. அந்தப் போன் எது என்பது கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, வெளியிலிருந்து கூப்பிடுபவரை வரவேற்றுப் பேசி, எக்ஸ்டென்ஷன் எண் கேட்கும் வசதி. நல்ல வசதிதான். ஆனால் சில பெட்டிகளில் அதே வழியாக உள்ளே வந்து, பாஸ்வேர்டு போட்டு, நம் லைனிலேயே வெளியே பேசவும் முடியும். பெட்டி வரும்போது 1234 போன்ற பாஸ்வேர்டு இருந்து, அதை மாற்றாமலே விட்டிருந்தால், யாரோ பேசிய வெளிநாட்டு அழைப்புக்கு நாம் பில் கட்ட நேரும். தேவையில்லை என்றால் அந்த வழியை அடைத்துவிடுவதே நல்லது.

"இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கு நேரம் எங்கே?" என்பார்கள். புரோகிராம் செய்வது மெக்கானிக் வேலைதான். ஆனால் என்ன செய்திருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்திருப்பது முதலாளி வேலை. கணக்கர் எழுதுகிறார் என்பதற்காகப் பேரேட்டை அவர் வீட்டிலா வைக்கிறோம்?

எந்த எக்ஸ்டென்ஷன் யாருடையது, எதற்கு என்ன பூட்டு, எந்த லைன் எங்கே அடிக்கும், பாஸ்வேர்டு என்ன என்பதை ஒரே ஒரு தாளில் எழுதி வாங்கிக் கல்லாவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வந்து போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தாளில் தேதி போட்டுத் திருத்தச் சொல்லுங்கள். அந்தத் தாள் கைக்கு வந்த பிறகே பில்லுக்குப் பணம் கொடுங்கள். வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள். பெட்டி விற்பவர்கள் இந்த விவரத்தைத் தமிழிலேயே தர வேண்டும் என்று நம் சங்கமும் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கேட்டால் காதில் விழாதது, சங்கமாகக் கேட்டால் விழும்.

எங்கள் பெட்டியை ஒரு மெக்கானிக் வந்து சரிசெய்ய ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. போன வாடிக்கைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். சிலர் இன்னும் வரவில்லை. அந்த நிலை இன்னொரு கடைக்கு வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதினோம். நாளைக் காலை கடை திறந்ததும், பில் மேஜை போனை எடுத்து உங்கள் செல்போனுக்கு ஒரு முறை அடித்துப் பாருங்கள்.